கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு மாதம்: சின்னப் பிள்ளைகளுக்கு உயிர்ச்சுழற்சியைத் தொட்டுக் காட்டுவது எப்படி

முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று நான்கு படம் ஒட்டிய அட்டையைக் காட்டினால் மூன்றரை வயதுப் பிள்ளை இரண்டே நாளில் ஒப்பித்துவிடும். எங்கள் வீட்டுச் சின்னவளும் ஒப்பித்தாள். அடுத்த வாரம் ரசத்துக்குக் கறிவேப்பிலை பறித்து வா என்று மொட்டை மாடிக்கு அனுப்பினேன். வெறுங்கையோடு ஓடிவந்தாள். "ஆயா, செடியில பாம்பு கீது!"

பாம்பில்லை. அட்டையில் மூன்று நாளாக விரல் வைத்துக் காட்டிய அதே புழுதான். பச்சையாகக் கொழுத்து, தலைப் பக்கம் கண் மாதிரி இரண்டு புள்ளியோடு இலையை அரைத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் படித்தோம் என்று அவளுக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை.

பிறகு தட்டில் விளையாட்டுச் சாமான் பரப்பித் தொட்டுப் பார்க்க வைக்கிற முறைக்குப் போனேன். ஒரு தாம்பாளம், அதில் நான்கு பாகம், அரிசி முட்டை, களிமண் புழு. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் பத்து நிமிடத்தில் முட்டை பறந்துபோய்விடுகிறது. நிஜத்தில் அதற்கு ஒரு மாதம் ஆகிறது. அந்த ஒரு மாதம்தான் பாடம் என்று எனக்குப் பட்டது. அதனால் இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மாடியில் மூன்று போர்ஷன் பிள்ளைகளையும் உட்கார வைத்து நான் செய்கிற முறை இது: ஒரே உயிர், ஒரு மாதம். செடியில் இன்றைக்கு எது நடக்கிறதோ அதை மட்டும் இன்றைக்கு விளையாடுவது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக ஒவ்வொரு கட்டமாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

சித்திரை, வைகாசியில் வேண்டாம். வேலூர் வெயிலில் மாடித் தொட்டியில் செடி பிழைத்தாலே பெரிய விஷயம். ஆடியில் இரண்டு மழை விழுந்து கறிவேப்பிலை புதுத் துளிர் விடும் நேரம் சரியாக வரும். அப்போது தொடங்கினால் கார்த்திகை வரைக்கும் இரண்டு மூன்று சுற்று பார்த்துவிடலாம்.

செடி உங்கள் இடுப்பு உயரமாவது இருக்கட்டும். குட்டிச் செடி என்றால் ஒரே புழு மொத்தத்தையும் மொட்டையடித்துவிட்டுப் பட்டினி கிடக்கும். கடையில் வாங்கின கறிவேப்பிலையைப் போட்டுக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். மருந்தடித்த தழையாக இருந்தால் புழு செத்துப்போகும். நர்சரியிலிருந்து புதிதாக வாங்கிய செடியையும் நன்றாகக் கழுவி, சில வாரம் விட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும். எலுமிச்சைச் செடி இருந்தால் அதுவும் உதவும். இந்தப் புழுவிலிருந்து வரும் வண்ணத்துப்பூச்சிக்குத் தமிழில் எலுமிச்சை அழகி என்றே பெயர். கறுப்பும் வெளிர்மஞ்சளுமாகப் பறக்கும்; ஊரெங்கும் உண்டு.

மற்ற சாமான்கள் வீட்டிலேயே இருக்கும்: ஜவ்வரிசி, மல்லாட்டை (நிலக்கடலை), ஒரு தாம்பாளம், பழைய கொசுவலைத் துண்டு, பழைய லுங்கி. களிமண்ணை மட்டும் வாங்க வேண்டும். விநாயகர் சதுர்த்தி சமயத்தில் ரோட்டோரம் அச்சுப் பிள்ளையார் பிடித்து விற்பவர்களிடம் ஒரு உருண்டை கூடுதலாகக் கேட்டு வாங்கி, ஈரத்துணி சுற்றி மூடிவைத்தால் மாதம் முழுக்க வரும். வண்ண வண்ணமாகப் பெட்டியில் விற்கிற மாவை விடப் பாலாற்றுப் பக்கத்துக் களிமண்ணின் குளிர்ச்சியும் வாசனையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. இது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் மைதாவைப் பிசைந்துகொள்ளலாம்.

எச்சரிக்கைகள்

கடையில் பளபளவென்று விற்கிற, தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் உருண்டைகளை வாங்கவே வாங்காதீர்கள். தவளை முட்டை செய்ய அழகாக இருக்கும்தான். பிள்ளை விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் பெருத்துக் குடலை அடைத்துக்கொள்ளும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் கொட்டை, பருப்பு, மணி எதுவும் வேண்டாம். வேகவைத்த ஜவ்வரிசி, ஆறின களி மாதிரி, வாயில் போனாலும் பரவாயில்லாத பொருளே போதும். மூன்றைத் தாண்டினவர்களிடமும் கண் எடுக்கக்கூடாது. எங்கள் மாடியிலேயே நாலு வயதுப் பையன் ஒருவன் கொண்டைக்கடலையை மூக்கில் செருகிக்கொண்டு, அது ஊறி உப்பி, டாக்டரிடம் ஓட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தட்டில் கொண்டைக்கடலை கிடையாது.

முருங்கை மரத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சி பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். அதன் மயிர் பட்டால் அரித்துத் தடித்துவிடும். "மயிர் இருந்தால் கை வைக்காதே" என்று முதல் நாளே பாட்டாகப் பாடி வைத்துவிடுங்கள். எருக்கஞ்செடியிலும் அழகான வரிப்புழு இருக்கும், வெந்தய வரியன் என்கிற பூச்சியுடையது. பார்க்கலாம், ஆனால் எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. அதனால் அதைப் பெரியவர்கள் காட்ட, பிள்ளைகள் தள்ளி நின்று பார்ப்பதே நல்லது. விளையாடி முடித்ததும், செடியைத் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

முட்டை: மூன்று முதல் ஐந்து நாள்

கறிவேப்பிலையின் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். கடுகை விடச் சின்னதாக, வெளிர்மஞ்சளாக, ஒற்றை உருண்டை ஒட்டியிருந்தால் அதுதான். கிடைக்கவில்லை என்றால் காத்திருங்கள். தாய்ப்பூச்சி வந்து துளிர்த் துளிராகத் தொட்டுப் பார்த்து முட்டையிடுவதைக் காலை வெயிலில் பார்க்கலாம். அது காலால் இலையைத் தொட்டே "இது நம்ம செடிதானா" என்று தெரிந்துகொள்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவர்களும் காலால் இலையைத் தொட்டுப் பார்ப்பார்கள். விடுங்கள், பார்க்கட்டும்.

விளையாட்டு எளிது. ஐந்து பெரிய இலைகளை எடுத்து, ஒன்றின் அடியில் மட்டும் சோற்றுக் கஞ்சியால் ஒரு ஜவ்வரிசியை ஒட்டிக் காயவையுங்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவி எந்த இலை என்று சொல்ல வேண்டும். "ஏன் ஒண்ணே ஒண்ணு?" என்று கேட்பார்கள். ஒரே கொழுந்தில் பத்து முட்டை வைத்தால் பத்துக்கும் சாப்பாடு பற்றாது என்று சொல்லுங்கள். அன்றைக்கு இவ்வளவே போதும். புழுவைப் பற்றிப் பேசாதீர்கள். நாளைக்கு என்ன ஆகும் என்று அவர்களே கேட்கட்டும். பெரியவர்களுக்கு இந்த வாயடக்கம்தான் கஷ்டம்.

புழு: இரண்டு வாரம்

இதுதான் விருந்து. இங்கேதான் நிறைய நாள் கிடைக்கிறது, அவசரப்படாதீர்கள்.

முட்டையிலிருந்து வரும் புழு பெரும்பாலும் முதலில் தின்பது தன் முட்டை ஓட்டைத்தான். பிறகு சில நாள் கறுப்பும் பழுப்புமாக, நடுவில் வெள்ளைத் தீற்றலோடு, பார்க்கக் காக்கா எச்சம் மாதிரியே இருக்கும். எச்சத்தைக் குருவி தின்னாது, அதனால் இந்த வேஷம். பிள்ளைகளிடம் "இதில் புழு எது, எச்சம் எது?" என்று கேளுங்கள். நிஜ எச்சத்தைத் தொட விடாமல், சாம்பலும் சுண்ணாம்பு நிறத் தீற்றலுமாகக் களிமண்ணில் நான்கு உருண்டை செய்து இலை மேல் வைத்து, நடுவில் ஒன்றை மட்டும் புழுவாகப் பிடித்து வையுங்கள். கண்டுபிடிக்கத் திணறுவார்கள். வேஷம் என்றால் என்ன என்று அப்போதே புரிந்துவிடும்.

தினமும் ஒரு களிமண் புழு செய்யச் சொல்லுங்கள். முதல் நாள் அரிசி அளவு. அடுத்த நாள் செடியில் இருக்கிறதைப் பார்த்துவிட்டு வந்து, அதே அளவுக்கு இன்னொன்று. செய்ததை எல்லாம் ஜன்னல் திட்டில் வரிசையாக வையுங்கள். இரண்டு வாரத்தில் அரிசியில் தொடங்கிப் பிள்ளையின் சுண்டுவிரலில் முடிகிற வரிசை ஒன்று நிற்கும். எங்கள் சின்னவள் அந்த வரிசையின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு போய், "பெர்சா ஆயிடுச்சி" என்று அவளாகச் சொன்னாள். அட்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கேதான் தெரிந்தது.

வளரும் புழுவுக்குத் தோல் கூடவே வளர்வதில்லை. நான்கு தடவை உரித்துப் போடும். இதை எப்படிக் காட்டுவது என்று ரொம்ப நாள் யோசித்தேன். விடை பீரோவில் இருந்தது. போன வருஷத்துச் சட்டை! தலை நுழையும், தோள் சிக்கும், கை மாட்டிக்கொள்ளும். "இறுக்குதா? புழுவுக்கும் இப்படித்தான் இறுக்கும், அது கழட்டிட்டு உள்ளே இருக்கிற புதுச் சட்டையோட வந்துடும்." கழட்டுகிறபோது சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். தோலுரிக்கப்போகும் புழு அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று பயந்து அதைத் தட்டிவிடாதீர்கள்.

மூக்குக்கும் வேலை உண்டு. கறிவேப்பிலை, எலுமிச்சை இலை, துளசி, வேப்பிலை நான்கையும் தனித்தனியாகக் கசக்கி, கண்ணை மூடிக்கொண்டு மோந்து, "புழு எதைத் தின்னும்?" என்று கேளுங்கள். முதல் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மூக்கே சொல்லிவிடும். புழு பச்சையான பிறகு, ஒரு புல் நுனியால் அதன் தலைக்குப் பின்னால் மெல்லத் தொட்டால் ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்றை வெளியே நீட்டும். ஒரு காட்டமான வாசனையும் வரும். எதிரியை விரட்ட அது செய்கிற வேலை. ஒரு தடவை போதும். ஆளுக்கொரு தரம் தொட விட்டால் அது களைத்துப்போகும்.

பொழுது சாயும்போது செடிக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து வைத்தால் காலையில் மிளகு மாதிரி புழுக்கை கிடக்கும். எண்ணச் சொல்லுங்கள். முதல் வாரம் பத்தைத் தாண்டாது, கடைசியில் எண்ணிக்கை தெரியாத பிள்ளைகள் கை நிறையக் காட்டுவார்கள். "இவ்ளோ தின்னுதா?" என்பது அவர்களுடைய கேள்வி. முகம் சுளிக்கிற அம்மாக்கள் உண்டு. மாட்டுச் சாணம் மிதித்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம், இதற்கென்ன.

புழு பச்சையானதும் கிளைக்குக் கொசுவலையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். முதல் தடவை நான் கட்டவில்லை. காலையில் ஒரு குருவி வந்து கொத்திக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகளிடம் மறைக்கவில்லை, குருவி தன் குஞ்சுக்குக் கொண்டுபோயிருக்கும் என்று சொன்னேன். பக்கத்து போர்ஷன் பையன் மட்டும் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. வலை கட்டுவதில் இன்னொரு லாபம்: கூட்டுப்புழு ஆகும் முன் புழு இடம் தேடி ஊர்ந்து வெளியே போய்விடும். வலை இல்லையென்றால் கடைசிக் கட்டத்தைத் தவற விடுவீர்கள்.

கூட்டுப்புழு: ஒரு வாரத்துக்கு மேல்

இங்கேதான் நிறையப் பேர் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சியின் புழு நூலால் கூடு பின்னி உள்ளே படுத்துக்கொள்வதில்லை. அது பட்டுப்புழு செய்கிற வேலை. இது வாலை ஒரு குச்சியில் ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு நூல் கட்டிக்கொண்டு, கம்பம் ஏறிய லைன்மேன் பெல்ட்டில் சாய்ந்து நிற்பதுபோல நிற்கும். ஐந்தாவது தடவையாகத் தோலை உரித்துப் போட்டால், உள்ளே இருப்பதே கூட்டுப்புழு. பச்சைத் தண்டில் நின்றால் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் நின்றால் பழுப்பாகவும் இருக்கும்.

பட்டுக்கூடு ஒன்று கிடைத்தால் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். காதருகே ஆட்டினால் உள்ளே புழு உருளும் சத்தம் கேட்கும். ஆரணிப் பட்டுப் பாவாடை கட்டிய பிள்ளையின் கையில் அந்தக் கூட்டைக் கொடுத்து, இந்த ஒரு கூட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நூல் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அந்த நூலை எடுக்கும்போது உள்ளிருக்கும் உயிர் என்ன ஆகிறது என்று கேட்டால் மழுப்பாதீர்கள். கேட்காவிட்டால் நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம்.

அசையாத நாட்களில் பிள்ளைகளுக்கு அலுப்பு வரும். அதற்குத் தூளி இருக்கிறது, எங்கள் பக்கம் ஏணை என்போம். ஏணை கட்டி, பிள்ளையை உள்ளே சுருண்டு படுக்கச் சொல்லி, துணியை இரண்டு பக்கமும் இழுத்து மூடுங்கள். முகம் வெளியே தெரியட்டும், பக்கத்திலேயே நில்லுங்கள். இருட்டு, இறுக்கம், அமைதி. ஏணை கட்டக் கொக்கி இல்லாதவர்கள் குடியாத்தம் லுங்கியைத் தரையில் விரித்து உருட்டிச் சுற்றலாம். உள்ளேயிருந்து ஒரு பிள்ளை, "நான் எப்ப வெளிய வர்றது?" என்று கேட்டது. "பூச்சிக்கு ஒரு வாரத்துக்கு மேல ஆகும்" என்றதும், "அய்யோ" என்றது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மல்லாட்டை விளையாட்டு. முழு மல்லாட்டையைப் பக்குவமாக இரண்டாகப் பிளந்து, பருப்பை எடுத்துவிட்டு, உள்ளே மடித்த வண்ணத் துணியில் ஒரு குட்டிப் பூச்சியை வைத்து மூடிக் கஞ்சி போட்டு ஒட்டிவிடுங்கள். தட்டு நிறைய நிஜ மல்லாட்டையோடு கலந்து வைத்தால், எதில் பூச்சி, எதில் பருப்பு என்று ஆட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டினால் சத்தம் வராதது பூச்சி. பருப்பை வாயில் போடுவதால் இது நான்கு வயதுக்கு மேல்தான்.

பூச்சி வெளியே வரும் நாள்

முந்தின நாளே கூட்டுப்புழு கறுத்து, உள்ளே இறக்கையின் கோலம் தெரிய ஆரம்பிக்கும். பெரும்பாலும் காலையில் வெளியே வரும். அன்றைக்குப் பிள்ளைகளைக் கொஞ்சம் சீக்கிரம் எழுப்புங்கள். ஈரமாய்ச் சுருங்கிய இறக்கையோடு வந்து தொங்கிக்கொண்டே, உடம்பிலிருந்து நீரை இறக்கைக்குள் செலுத்தி விரிக்கும். கை கொடுத்து உதவக்கூடாது. இறக்கை கோணிப்போனால் நேராகாது.

விரிவதைக் கையில் காட்ட, தாளில் பூ வெட்டி இதழ்களை உள்பக்கம் மடித்துத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். தாள் நீரை உறிஞ்ச உறிஞ்ச இதழ் ஒவ்வொன்றாகத் தானே விரியும். யாரும் தொடவில்லை, நீர்தான் விரித்தது என்று பிள்ளைகளே பார்த்துவிடுவார்கள்.

சில சமயம் கூட்டுப்புழுவிலிருந்து பூச்சிக்குப் பதில் சின்னக் குளவிகள் வரும். எங்களுக்கு ஒரு தடவை வந்தது. குளவி தன் முட்டையை அதற்குள் வைத்திருக்கிறது, அதன் பிள்ளைகள் அதைத் தின்று வளர்ந்தன என்றுதான் சொன்னேன். பெரியவர்கள் வருத்தப்பட்டோம். பிள்ளைகளோ, "குளவிக்கும் முட்டை, புழு எல்லாம் உண்டா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த சுற்றுக்கு

தவளைக்கு சப்ஜா விதை. வெயில் காலத்து சர்பத்தில் போடுகிற அதேதான். கால்மணி நேரம் ஊறினால் நடுவில் கறுப்புப் புள்ளி, சுற்றி வழுவழுப்பு: அச்சு அசல் தவளை முட்டை. காய்ந்த விதையை வாயில் போட விடாதீர்கள், தொண்டையில் ஊறும். களிமண்ணில் தலைப்பிரட்டை செய்து முதலில் பின்னங்கால், பிறகு முன்னங்கால் ஒட்டுங்கள். வாலைக் கிள்ளி எறியக்கூடாது. கட்டைவிரலால் அழுத்தி உடம்போடு சேர்த்துவிட வேண்டும், ஏனென்றால் நிஜத்தில் வால் விழுவதில்லை, உடம்புக்குள்ளேயே கரைந்துபோகிறது. நிஜத் தலைப்பிரட்டையை மழைக்குப் பிறகு தேங்கிய குட்டையில் காட்டிவிட்டு வாருங்கள். கோட்டை அகழி, கல்குவாரி, பாழுங்கிணறு பக்கம் பிள்ளைகளோடு போக வேண்டாம். வீட்டுக்கு எடுத்து வரவும் வேண்டாம்.

கோழிக்கு, ஊரில் யார் வீட்டிலாவது கோழியை அடை வைக்கும் நாளைத் தெரிந்துகொண்டு, ஒரு கிண்ணத்தில் 21 புளியங்கொட்டை போட்டு தினம் ஒன்றை எடுத்துவிடச் சொல்லுங்கள். கிண்ணம் காலியாகும்போது குஞ்சு பொரிக்கும். ஒரு வாரமான முட்டையை இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்பு தெரியும்.

கொசுவையும் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் வராத நாளுக்காக ட்ரம்மில் பிடித்து வைக்கிற ஊர் நம்முடையது. ட்ரம்மில் நெளியும் புழுவை ஒரு கண்ணாடி பாட்டிலில் அள்ளி, வாயில் துணி கட்டி ஒரு நாள் மட்டும் காட்டுங்கள். அதற்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு உண்டு, புழுவும் கூட்டுப்புழுவும் தண்ணீருக்குள், வெயில் நாளில் பத்து நாள் கூட ஆகாது. பிறகு பாட்டில் தண்ணீரை வெயில் காய்ந்த மண்ணில் ஊற்றிவிட்டு, ட்ரம்மைக் காலி செய்து உள்பக்கம் தேய்த்துக் கழுவும் வேலையைப் பிள்ளைகளோடு சேர்ந்தே செய்யுங்கள். டெங்கு பரப்பும் கொசுவின் முட்டை ட்ரம் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பிழைக்கும், அதனால் தேய்ப்பது முக்கியம்.

கறிவேப்பிலைக்கு வருவோம். பூச்சி பறந்ததும் வலையை அவிழ்த்து, மொட்டையான கிளை நுனியைக் கிள்ளிவிட்டுக் கொஞ்சம் எரு போடுங்கள். மூன்று வாரத்தில் துளிர் வரும், துளிருக்குத்தான் அடுத்த முட்டையும் வரும். அதுவரைக்கும் ரசத்துக்குக் கறிவேப்பிலை பக்கத்து போர்ஷனில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.